மங்ளுவின் கற்குவியல்

மழைக்காலம் முழுக்க மூடிக் கிடந்த எங்கள் மண்ட்லா பக்கத்துக் காடு மறுநாள் திறக்கிறது. முதல் சவாரிக்கு ஒரு பெரிய குடும்பம் வருவதாக இருந்தது. எந்தப் புல்வெளியில் மான் காட்டுவது, எந்தக் குளத்தருகே காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்துவது என்று முடிவு செய்ய, வழிகாட்டி சோன்வதியாகிய நானும் டிரைவர் சமாருவும் மதியமே ஜீப்பில் உள்ளே போனோம். சமாரு வாய் ஓயாதவன். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் பாட்டு வேறு.

"நாளைக்குப் புலி வரலன்னா உன்னைத்தான் திட்டுவாங்க அக்கா."

"உன் பாட்டைக் கேட்டா எந்தப் புலிடா வரும்?"

ஓர் இறக்கத்தில் பின்சக்கரம் சேற்றில் புதைந்தது. முடுக்க முடுக்க இன்னும் ஆழமாகப் போனது.

பக்கத்திலேயே மங்ளுவின் கற்குவியல். காட்டுக் காவலாளி மங்ளுவை அந்த மழைக்காலத்தில் புலி அடித்துக் கொன்ற இடம் அது. புலி அடித்துச் செத்தவன் எழுந்து வீடு தேடி வந்துவிடக் கூடாது என்று எங்கள் கோண்டு சனங்கள் அங்கே கல் குவிப்போம். அவ்வழி போகிறவர்கள் ஆளுக்கொரு கல் போட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். எடுப்பவர் கிடையாது.

சமாரு எடுத்தான்.

"வேண்டாம்டா. நடந்தே போயிடலாம்."

"அதுக்குள்ள கேட்டைப் பூட்டிடுவாங்க. மங்ளு அண்ணன் நம்ம ஆளுதானே, கோவிச்சுக்க மாட்டாரு."

கற்களைச் சக்கரத்தடியில் திணித்ததும் வண்டி ஏறிவிட்டது. வெகுதூரம் ஓட்டினோம். மீண்டும் அதே இறக்கம், அதே குவியல்.

வழி தவறியிருக்கும் என்று வேறு தடத்தில் திருப்பினான். மூங்கில் புதர்கள் இருபுறமும் நெருங்கி வந்து வண்டியை உரசின. சில்வண்டுகள் ஒரேயடியாக ஓய்ந்தன. ஈர மண்ணோடு பீடி நாற்றம் வந்தது. எங்கள் இருவருக்கும் பீடிப் பழக்கம் இல்லை.

மறுபடியும் அதே இறக்கம்.

சமாருவின் பாட்டு நின்றுபோயிருந்தது.

"பின்னால பாக்காதே அக்கா," என்று கிசுகிசுத்தான். "ஆள் உக்காந்த மாதிரி வண்டி அமுங்குது."

இந்தக் காட்டைவிட்டு இனி வெளியே போகமாட்டோம் என்றே நினைத்தேன்.

"எடுத்த கல்லைத் திருப்பி வெச்சாத்தான் விடுவாரு. நீ எறங்காதே," என்று சொல்லி இறங்கினான்.

சேற்றைத் தோண்டிக் கல்லெடுத்துக் குவியலுக்குப் பின்னால் போனான். அங்கே கல்மேல் கல் விழும் சத்தம் கேட்டது.

பிறகு கேட்கவில்லை.

"சமாரு?"

கொஞ்ச நேரத்தில் அவனே வந்து ஏறினான். ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை எடுத்தான். அடுத்த திருப்பத்திலேயே கேட் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாங்கள் வெளியே வந்ததும் காவலாளி கேட்டை இழுத்துப் பூட்டினான். எதிரே மங்ளுவின் மனைவி சுக்வாரோ தன் டீக்கடையை ஒதுங்கவைத்துக்கொண்டிருந்தாள். சமாரு எப்போதும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவான்.

இறங்கி நேரே அவளிடம் போனான்.

"மைனா, ரொம்பப் பசிக்குது. கஞ்சி இருக்கா?"

அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அவளை மைனா என்று கூப்பிட்டது மங்ளு ஒருவன்தான்.

பூட்டிய கேட்டுக்கு அந்தப் பக்கம், இருண்டுகொண்டிருந்த சால் மரங்களுக்குள்ளிருந்து சமாருவின் குரல் கேட்டது.

"அக்கா, கல்லெல்லாம் வெச்சுட்டேன். நீ எங்க போனே?"