பிணத்துக்குப் பத்துக்கு மூணு மார்க்

யாரும் அலறவில்லை!

அதுதான் விஷயமே. அமெரிக்காவின் டுலூத் நகரத்து ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில், 114-ஆம் அறையின் கம்பளத்தில் ஒரு பெரியவர் முகம் ஒரு பக்கம் திரும்பியபடி குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. வலது கை முஷ்டிக்குள் கத்தரிப்பூ நிறத்தில் கொஞ்சம் முடி...

காலை ஒன்பது மணியிலிருந்து நாற்பத்து மூன்று பேர் அவரைச் சுற்றி வந்து பார்த்தார்கள். குனிந்து பார்த்தார்கள். செல்ஃபி எடுத்துக் கொண்டார்கள்.

மார்க் போட்டார்கள்!

க்ரைம் நாவல் ரசிகர்களின் வருடாந்திர மாநாடு அது. ஒரு அறையில் ரப்பர் பொம்மையைப் பிணமாகப் போட்டு, 'நீங்களே துப்பறியுங்கள்' என்று தாளும் பேனாவும் கொடுப்பார்கள். இந்த வருடம் ரப்பர் பொம்மை குளியல் தொட்டிக்குள் சும்மா படுத்திருந்தது.

நாற்பத்து நாலாவதாக வந்தவள் ஒரு நர்ஸ். பழக்க தோஷத்தில் பெரியவரின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள்.

அப்புறம்தான் அந்த அலறல் கேட்டது!

* * *

"'ரத்தம் ரொம்பக் கறுப்பா இருக்கு. நிஜ ரத்தம்னா செக்கச்செவேல்னு இருக்கும். பத்துக்கு மூணு'... கேட்டியா மார்கஸ்?"

ரசிகர்கள் எழுதிக் கொடுத்த தாள்களைப் புரட்டிக் கொண்டிருந்தாள் டார்லின் டோலஃப்சன். கொலைப் பிரிவு சார்ஜென்ட். பத்தொன்பது வருட சர்வீஸில் பிணங்களைப் பார்த்து அவள் முகம் சுளித்ததில்லை. இந்தத் தாள்களைப் பார்த்துச் சுளித்தாள்.

பிணத்தின் பக்கத்தில் மண்டியிட்டிருந்த மார்கஸ் பெலாங்கர் நிமிர்ந்தான். தடயவியல் ஆய்வாளன்.

"டி.வி.யில ரத்தம் காயறதே இல்லையே மேடம். அடுத்தது படிங்க."

"'முகத்துல செத்த களையே இல்லை. நடிகரை மாத்தணும்.'"

"பாவம் டாக்டர்! செத்தும் பாஸ் மார்க் வாங்கலே."

டார்லின் சிரிக்கவில்லை. கிடந்தவர் டாக்டர் எல்மர் ஹாக்ஸ்டாட். முப்பது வருடம் பிரேதப் பரிசோதனை செய்தே ஓய்வு பெற்றவர். போலீஸ் ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தை தப்பாக இருந்தாலும் சிவப்புப் பென்சிலால் அடித்துத் திருப்பி அனுப்புவார். டார்லின் அவரிடம் வாங்கிய திட்டுக்கு அளவே கிடையாது. இருந்தாலும் அவரை அவளுக்குப் பிடிக்கும். தாள்களைக் கீழே வைத்தாள்.

"எப்போ நடந்திருக்கும்?"

"காலையில அஞ்சிலேர்ந்து ஏழுக்குள்ளே. இதுக்கு மேல துல்லியமா வேணும்னா டி.வி.க்காரங்களைத்தான் கேட்கணும். அடிச்ச பொருள் இங்கே இல்லே. கனமானது, உருண்டையானது."

கதவு படாரென்று திறந்தது.

"கேஸ் முடிஞ்சது டார்லின்!"

கேப்டன் ரூடி. அக்குளில் ஒரு தடித்த நாவல். அவருக்குப் பக்கத்தில், அந்த நாவலை எழுதியவரே!

பிராண்ட் கெஸ்லர். இருபத்திரண்டு நாவல்கள். மூன்று டி.வி. தொடர்கள். கறுப்புக் கோட்டு. இறந்து கிடக்கும் டாக்டர்தான் பதினைந்து வருடமாக அவருடைய விஞ்ஞான ஆலோசகர். கெஸ்லர் கதை எழுதுவார். டாக்டர் அதில் உள்ள அபத்தங்களைச் சிவப்புப் பென்சிலால் அடிப்பார்.

கெஸ்லர் பிணத்தைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். "அந்த முஷ்டியைப் பாருங்க சார்ஜென்ட். போராடிப் பிடுங்கியிருக்கார். முடி பேசும்! கொலைகாரியோட பேரைச் சத்தமா சொல்லும்!"

"ஆஹா! ஒன்பதாம் அத்தியாயம்!" என்றார் கேப்டன் புல்லரித்துப் போய்.

"கொலை'காரி'ன்னு எப்படிச் சொல்றீங்க சார்?" டார்லின் கேட்டாள்.

"இந்த மாநாட்டுல கத்தரிப்பூ கலர்ல தலைமுடி வச்சிருக்கறது ஒரே ஒரு ஆள்தானே?"

ஆமாம். டாபிதா க்ருன்வால்ட். அறுபத்தொரு வயது. பள்ளி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். மாநாட்டை நடத்துபவளே அவள்தான். நேற்றுச் சாயங்காலம் விருந்தில் டாக்டரோடு பெரிய சண்டை. "நீ செஞ்ச சாமானெல்லாம் பொய்! தூக்கிக் குப்பையில போடு!" என்று டாக்டர் கத்த, "முதல்ல உங்களைத்தான் போடணும்!" என்று டாபிதா கத்த, இருநூறு பேர் ஃபோர்க்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

"ஒரு மணிக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க," என்றார் கேப்டன். "அவங்க எதிரே டாபிதாவை விலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போறோம்."

"கேப்டன், அந்த முடியை லேப்ல பார்க்காமலே..."

"போன தடவை என்ன ஆச்சு? தடயம் கிடைக்கலேன்னு ஜூரி அவனை விட்டுட்டாங்க. இப்போ தடயம் கைக்குள்ளேயே இருக்கு. நீ என்னடான்னா இழுக்கறே!"

சுருக்கென்று தைத்தது டார்லினுக்கு. போன அக்டோபரில், மனைவியை அடித்தே கொன்றவன் ஒருவனைக் கூண்டில் நிறுத்தினாள். பார்த்த சாட்சி இருந்தது. அவனே அண்ணனிடம் ஒப்புக் கொண்டதும் இருந்தது. டி.என்.ஏ. மட்டும் இல்லை. 'டி.வி.யில எப்பவும் கிடைக்குமே' என்று ஜூரித் தலைவர் சொன்னார். அவன் சிரித்தபடி வீட்டுக்குப் போனான்.

அதே மாதிரி பன்னிரண்டு ஜூரிகள், இந்த முடியை மட்டும் பார்த்தே டாபிதாவை ஆயுளுக்கும் உள்ளே தள்ளுவார்கள்!

மணி பதினொன்று இருபது.

* * *

"அவர் என் சிநேகிதர்!" டாபிதா கைக்குட்டையைப் பிழிந்தாள். "சண்டை போடறதுக்குன்னே வருஷா வருஷம் வருவார். நானும் அதுக்குன்னே கூப்பிடுவேன்."

"உங்க சீப்பு எங்கே?"

"எதுக்கு? பேச்சாளர்கள் ரூம்ல, கண்ணாடிக்குக் கீழே கிடக்கும்."

"அந்த ரூமுக்குச் சாவி?"

"என்கிட்ட ஒண்ணு. டாக்டர்கிட்ட ஒண்ணு. மிஸ்டர் கெஸ்லர்கிட்ட ஒண்ணு."

டார்லினின் புருவம் உயர்ந்தது.

"நேத்து டாக்டர் எதைக் குப்பையில போடச் சொன்னார்?"

டாபிதா மூக்கைச் சிந்திக் கொண்டே சொன்னாள். "...நாலு மாசம் உழைச்சுச் செஞ்சேன். அவர் திட்டினதுல அழுகையா வந்துது. யார் கண்ணுலயும் படாம என் கட்டிலுக்கு அடியில வச்சுட்டேன். அதுக்கும் கொலைக்கும் என்ன சம்பந்தம்?"

"இப்போதைக்கு இல்லே," என்றாள் டார்லின்.

வெளியே மார்கஸ் காத்திருந்தான்.

"மேடம், ஏழு முடி. ஒண்ணுகூடப் பிடுங்கினது இல்லே! பிடுங்கினா வேர்ல சதை ஒட்டியிருக்கும். இதெல்லாம் தானா உதிர்ந்தது. சீப்புல இருக்குமே, அது மாதிரி. டாபிதாவோட டி.என்.ஏ. இதுல கிடைக்கறதே சந்தேகம்."

"அப்போ யாரோ வச்சது."

"அது மட்டும் இல்லே. ஒவ்வொரு முடியிலயும் நடுவுல ஏதோ காஞ்சு ஒட்டியிருக்கு. எச்சில்னு நினைக்கறேன்."

"எச்சிலா? லேப்ல எவ்வளவு நாள் ஆகும்?"

"டி.வி.யில அஞ்சு நிமிஷம். நம்ம லேப்ல மூணு வாரம்... அவங்க நல்ல மூடுல இருந்தா."

டாக்டரின் தோல்பையை டார்லின் மேசையில் கவிழ்த்தாள். கெஸ்லரின் இருபத்து மூன்றாவது நாவல், இன்னும் அச்சாகாத பிரதி. பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பென்சில். முதல் பக்கத்தில் டாக்டரின் கோணல் எழுத்து:

'பிராண்ட், இதுதான் கடைசி. இன்னிக்குச் சாயங்காலம் உன் கையெழுத்துப் பிரதி அத்தனையையும் மேடையில படிக்கப் போறேன். நான் அடிச்சதையெல்லாம் சேர்த்து! ஜனங்க வயிறு குலுங்கச் சிரிக்கட்டும்.'

டார்லின் மேலே புரட்டினாள். 212-ஆம் பக்கம். படித்தாள். நின்றாள். மறுபடி படித்தாள்.

இன்று முதல் தடவையாகச் சிரித்தாள்!

பிரதியைத் தூக்கிக் கொண்டு கேப்டனிடம் ஓடினாள். அவர் பாதி கேட்டுவிட்டுக் கையை ஆட்டினார்.

"கெஸ்லரா? சும்மா இரு டார்லின்! அவர் கொலை பண்ணினா இப்படியா சொதப்புவார்? பத்துக்கு மூணு மார்க்!"

"ஒரு மணி வரைக்கும் டயம் குடுங்க கேப்டன். அது போதும்."

கீழே கூடத்தில் கெஸ்லர் புத்தகங்களில் கையெழுத்துப் போட்டுக் கொண்டிருந்தார். ஆலோசகர் செத்த அன்றும் வரிசை வாசல் வரை இருந்தது. ஒவ்வொரு புத்தகத்தைத் திறக்கும்போதும் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுக் கொண்டார்... பக்கத்தைத் தள்ளினார்... நாக்கில் தொட்டார்... தள்ளினார்.

டார்லின் தூணுக்குப் பக்கத்தில் நின்று ஒரு காபி முழுவதையும் குடித்து முடித்தாள்.

* * *

பன்னிரண்டரை. ஹோட்டலின் சின்னக் கூட்ட அறை.

மேசை மேல் பளபளவென்று ஒரு எஃகுப் பெட்டி. இரண்டு பச்சை விளக்கு. மேலே ஒரு நீளப் பிளவு. முன்னால் சின்னத் திரை.

"இதுதான் சார் அது," டார்லின் குரலைத் தாழ்த்தினாள். "அஞ்சு நிமிஷத்துல டி.என்.ஏ. பார்க்கிற மெஷின். டி.வி.க்காரங்க யாருக்கும் இன்னும் தெரியாது. டாபிதா முடியை இதுலதான் போடப் போறோம். முதல் டெஸ்டை நீங்க தொடங்கி வச்சா டிபார்ட்மென்டுக்கே பெருமை."

கெஸ்லரின் முகம் மலர்ந்தது. "எனக்குத் தெரியும்! இப்படி ஒண்ணு இருக்கும்னு எப்பவோ எழுதினேன்! அந்தக் கிழவன் நம்பவே மாட்டேன்னான்!"

"எல்லாம் ரெக்கார்ட் ஆகுது சார். சட்டப்படி நீங்க வாயைத் திறக்க வேண்டியதில்லே. திறந்தா, நீங்க சொல்றது..."

"...எனக்கு எதிரா கோர்ட்டுல வரலாம்! வக்கீல் வச்சுக்க எனக்கு உரிமை இருக்கு! இருபத்திரண்டு தடவை எழுதியிருக்கேன் சார்ஜென்ட். வேண்டாம். என் கதையில வக்கீலைக் கூப்பிடறவன்தான் குற்றவாளி."

கேப்டன் கைதட்டினார்.

மார்கஸ் பஞ்சுக் குச்சியை நீட்டினான். கெஸ்லர் படத்துக்குப் போஸ் கொடுப்பது போல வாயைத் திறந்தார். குச்சி பெட்டிக்குப் பின்பக்கம் எங்கேயோ போனது. திரையில் எழுத்து வந்தது. 'முதல் மாதிரி: கெஸ்லர், பி.'

"இப்போ பிணத்தோட கையில கிடைச்ச முடி," என்றான் மார்கஸ். பெட்டியின் பக்கவாட்டுப் பிடியைக் கீழே அழுத்தினான்.

ர்ர்ர்ர்ர்...

ஒரு நிமிடம். இரண்டு. அறையில் லேசாக ரொட்டி கருகின வாசம். யாரும் கவனிக்கவில்லை. மூன்று. கெஸ்லர் விரலை நாக்கில் தொட்டார், புரட்ட எதுவும் இல்லாமலே. நாலு...

டிங்!

திரை சிவந்தது. 'இரண்டு மாதிரியும் ஒரே ஆள். கெஸ்லர், பி.'

கேப்டனின் அக்குளிலிருந்து நாவல் பொத்தென்று விழுந்தது.

"இ... இல்லே! அது டாபிதா முடி!"

"முடி டாபிதாவோடதுதான் சார். மேல இருக்கற எச்சில் உங்களோடது. சீப்புலேர்ந்து ஒண்ணொண்ணா எடுத்து அடுக்கும்போது, விரலை நாக்குல தொட்டுக்கிட்டீங்களே!"

கெஸ்லரின் கண்கள் திரையை விட்டு நகரவில்லை. அவருடைய நாவல்களில் இந்த இடத்தில் எல்லாக் கொலைகாரனும் நாற்காலியில் சரிவான்.

அவரும் சரிந்தார்!

"கையுறை போட்டா முடி நழுவுது..." குரல் பிசிறியது. "எத்தனை தடவை முயற்சி பண்றது? அந்த ஆள் சிரிச்சான் சார்ஜென்ட்! விடியக்காலையில ரூமைச் சரிபார்க்க வந்தவன்கிட்ட, 'மேடையில படிக்காதே எல்மர், கெஞ்சிக் கேட்கறேன்'னேன். 212-ஆம் பக்கத்தைத் திறந்து என் மூஞ்சிக்கு நேரா படிச்சுக் காட்டிச் சிரிச்சான்! கையில எனக்குக் குடுத்த விருது இருந்துது..."

"அது இப்போ எங்கே சார்?"

"என் ரூம்ல, துணிப் பெட்டியில. சாக்ஸுக்குள்ளே."

மார்கஸ் பறந்தான். நாலே நிமிடத்தில் திரும்பினான். கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே வெண்கலத்தில் ஒரு மண்டையோடு. அதன் பல் இடுக்கில் கறுத்துப் போன ரத்தம்.

"பத்துக்குப் பத்து, மேடம்!"

கெஸ்லர் கையில் விலங்கு ஏறியது. அப்போது கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள் டாபிதா. கை வீசிக் கொண்டு வந்தாள். விலங்கு கிடையாது. மேசையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"அடப்பாவிங்களா! நாலு மாசம் உழைச்சுப் பண்ணினதைக் கருக்கிட்டீங்களே! உள்ளே ரொட்டியை எடுக்காமலா போட்டீங்க?"

"ரொ... ரொட்டியா?" கெஸ்லர் திணறினார்.

"மாநாட்டுக்காக அவங்க செஞ்ச விளையாட்டு சாமான் சார்," என்றான் மார்கஸ். "பழைய டோஸ்டர். ரெண்டு பச்சை பல்பு. திரை என்னோட பழைய செல்போன். உங்க பேரை நான்தான் டைப் அடிச்சேன்."

"ஏமாத்திட்டீங்க! அப்போ நிஜ ரிசல்ட்?"

"மூணு வாரம்," என்றாள் டார்லின். "கேப்டன், உங்க புத்தகம் கீழே கிடக்கு."

கேப்டன் அதைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினார்.

டார்லின் டாக்டரின் பிரதியை எடுத்து 212-ஆம் பக்கத்தைக் கெஸ்லருக்கு முன்னால் விரித்தாள். ஐந்து நிமிடத்தில் கொலைகாரன் பெயரைத் திரையில் காட்டும் மெஷின். அதன் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில்:

'பதினாலாவது தடவையா சொல்றேன் பிராண்ட்! இப்படி ஒரு மெஷின் உலகத்துலயே கிடையாது. இதைப் பார்த்து ஏமாற ஒரு மடையன் வேணும்.'

கெஸ்லர் படித்தார். பழக்கத்தில் விரல் நாக்குக்குப் போனது... விலங்கு தடுத்தது.

டார்லின் பிரதியை மூடினாள்.

"அடுத்த தடவையாவது சார், சந்தேகம் கேட்கறதுக்கு டாக்டரை உயிரோட விட்டு வைங்க!"