நாகலெட்சுமி அணைத்த கற்பூரம்

"முழிச்சதும் இந்த மூஞ்சிதானா என் கண்ணுல படணும்! வெள்ளிக்கெழமையும் அதுவுமா...!"

மாமியார் காளியாயி தலையில் அடித்துக்கொண்டாள். மாமனாருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த மருமகள் நாகலெட்சுமி, முந்தானையால் தாடையை மறைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. மாமனார் செல்லசாமி அங்கே பெரிய கங்காணி. கங்காணிமாரின் அதிகாரம் தேய்ந்து வெகுகாலமாகிறது. அவரிடம் மிச்சமிருந்தவை ஒரு தலைப்பாகை, ஒரு கறுப்புக் கோட்டு, ஒரு கனைப்பு. விடிந்ததும் மூன்றையும் பெரட்டுக்களத்துக்குக் கொண்டுபோவார். அங்கே ஆட்களைப் பேர் சொல்லி வேலைக்குப் பிரிப்பவர் கணக்கப்பிள்ளை. இவர் கனைப்பார்.

ஏழு வருடத்துக்கு முன், காளியாயியின் கெம்புத் தோடு காணாமல் போயிற்று. வீட்டுக்குப் புதிதாக வந்தவள் நாகலெட்சுமி. ஆகவே திருடியும் அவளேதான் என்று ஆயிற்று. தோட்டத்து வழக்கப்படி மாரியம்மன் கோயிலில் கற்பூரம் கொளுத்தினார்கள். "நான் எடுக்கல ஆத்தா" என்று அவள் உள்ளங்கையால் அதை அணைத்துச் சத்தியம் செய்தாள். எடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், விசாரிக்கக் கூடியிருந்த சபைக்குச் சங்கடம். தோட்டை விற்றுத் தலவாக்கலையில் கோட்டுத் தைத்துக்கொண்டு, "தொரை குடுத்த இனாம்" என்று சொல்லித் திரிந்த மனிதர்தான் அன்று சபைக்குத் தலைவர்! அவர் தோடு இருந்த பெட்டியைத் திறந்ததை மருமகள் பார்த்துவிட்டிருந்தாள். "என் மானத்தக் காப்பாத்து தாயி..." என்று கும்பிட்டார். காப்பாற்றினாள்.

சில மாதங்களில் அவள் தாடை இடப்பக்கம் கோணத் தொடங்கியது ஊர் கண்ணில் பட்டது. பொய்ச் சத்தியத்துக்கு ஆத்தா தந்த கூலி என்று லயத்து வீடுகள் முழுக்கத் தீர்ப்பாயிற்று. தோட்டத்து மருந்துக்காரரோ வாய்வு என்றார்; வருடத்துக்கு ஏழெட்டுப் போத்தல் சிவப்புத் தண்ணீர் கொடுத்தார். வாய்வு கலையவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை ரொட்டியைக் கடிக்க முடியாமல் அவள் அழுவதைப் புருசன் பழனியாண்டி பார்த்துவிட்டான். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடவில்லை.

"கொழும்புக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"ஆத்தா குடுத்த தண்டனைய டாக்டரு மாத்துவாராடா?"

"அவளுக்குப் பசிக்குதும்மா..."

கொழும்பு ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் வலது காதுக்கு முன்னால் அழுத்திப் பார்த்தார். எலும்பைப் படம் எடுத்தார். பழைய போட்டோ ஏதாவது உண்டா என்று கேட்டார். பழனியாண்டி தோட்டத்துக்கு ஓடி, சுவரில் மாட்டியிருந்த கலியாணப் படத்தைக் கழற்றி வந்தான். என்னதான் சொல்லப்போகிறார்கள் என்று அறியக் காளியாயியும் கூடவே வந்தாள். பெரிய டாக்டரோடு பேசப் பெரிய ஆள் வேண்டாமா என்று செல்லசாமியும் கோட்டு மாட்டி வந்தார். வெளிச்சத்தை மறைக்காமல் தள்ளி நிற்கும்படி டாக்டர் கையைக் காட்டினார்.

டாக்டர் கலியாணப் படத்தின்மேல் அடிக்கோலை வைத்துச் சிங்களத்தில் சொன்னதை நர்ஸ் ஜெமீலா தமிழில் சொன்னாள்: "காதுக்கு முன்னுக்கு, தாடை மூட்டில எலும்புக் கட்டி ஒண்டு மெல்ல மெல்ல வளந்திருக்கு. புத்துநோய் இல்ல, பயப்படாதீங்க. வெட்டி எடுத்தா முகம் முக்காவாசி நேராகும். இந்தப் படம் எடுக்கக்குள்ளயே தாடை சாயத் தொடங்கிட்டுதாம்."

அந்தப் படத்தை வீட்டில் பார்க்காதவர் கிடையாது. எல்லோரும் நடுவிலிருந்த தலைப்பாகையைத்தான் பார்த்திருந்தார்கள்.

"கல்யாணத்தப்பவேவா?" காளியாயி குனிந்து படத்தைப் பார்த்தாள். "அப்ப... சத்தியம் பண்றதுக்கு முன்னாடியே! அப்ப இவ பொய் சொல்லல... எந் தோட்ட எடுத்தது யாரு?"

செல்லசாமி கனைக்கப் பார்த்தார். கனைப்பு வரவில்லை.

"நாந்தான் காளி... இந்தக் கோட்டுதான் ஒன் தோடு. இந்தப் புள்ளைக்கு அன்னைக்கே தெரியும்..."

"அடப்பாவி மனுசா! ஏழு வருசம் அவள வறுத்தெடுத்தேனே... பாத்துக்கிட்டா நின்னீங்க?"

அறுவை முடிந்த ஐந்தாம் நாள். நாகலெட்சுமியின் தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கட்டிலோரம் கஞ்சிக் கோப்பையோடு காளியாயி. வெந்நீருக்கான வரிசையில், கையில் தகரப் பேணியோடு, கோட்டில்லாமல் பெரிய கங்காணி. தோட்டத்துக்குப் போனதும் கோயில் முன்னால் நின்று எல்லோருக்கும் உண்மையைச் சொல்வதாக மகன் தலையில் கைவைத்துச் சொல்லியிருந்தார்.

"தெரிஞ்சும் ஒரு வார்த்த சொல்லலியேடி..." என்றாள் காளியாயி.

நாகலெட்சுமியின் உதடு அசைந்தது.

"வேணாம், பேசாத தாயி! நீ பேசுனப்ப நான் கேக்கல..."

கஞ்சி மோவாயில் வழிந்தது. காளியாயி தன் முந்தானையால் துடைத்தாள். பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. ஆஸ்பத்திரி ஆயா கோப்பையை வாங்கக் கையை நீட்டினாள்.

காளியாயி கொடுக்கவில்லை. மருமகளின் எச்சில் கஞ்சியைக் கண்ணீரோடு அண்ணாந்து குடித்தாள். நாகலெட்சுமி அவள் மடியில் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள்.