சுட்ட இடம்

மருதையின் இதயத்தில் இருட்டாக இருந்திருக்க வேண்டிய இடம் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

கணினித் திரையில் அதைக் கண்ட பாக்கியமேரி, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஸ்கேன் மேசையில் படுத்திருந்தவரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அவருடைய நெஞ்சைத் தாறுமாறாகத் துடிக்கவைத்த சதையைச் சென்ற மாதம் மெல்லிய குழாய் செலுத்திச் சுட்டிருந்தார்கள். அது செத்துவிட்டதா என்று அறியவே இன்று கதிரியக்க மருந்தை ஊசி வழியே ஏற்றியிருந்தாள். உயிருள்ள சதை அம்மருந்தை உறிஞ்சி ஒளிரும். செத்த சதை இருண்டு கிடக்கும். ஒளிர்ந்தால் நாளைக் காலையில் மறுபடியும் சுடுவதென்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இன்னொருக்கா சுட்டா தாங்கமாட்டேன் தாயி," என்று மேசையில் ஏறும்போதே மருதை அவளிடம் சொல்லியிருந்தார். கொள்ளிடக் கரையில் வாழை பயிரிடுபவர். வெயிலில் காய்ந்த கைகளால் மேசை விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டிருந்தார்.

மருந்து ஒரு துளி சட்டையில் சிந்தினாலும் படம் பொய் சொல்லும் என்பதை அவள் அறிவாள். ஆகவே சட்டையை மாற்றச் செய்தாள். மார்பை ஈரப்பஞ்சால் துடைத்தாள். ஜன்னலுக்கு வெளியே தில்லைநகரின் மாலை மழை சீராகப் பெய்துகொண்டிருக்க, ஏ.சி.யின் முனகலுக்கும் ஸ்பிரிட் வாடைக்கும் நடுவே, கேமராவின் தட்டையான இரு முகங்களும் அவரை மோப்பம் பிடிப்பவைபோல் மறுபடியும் மெல்லச் சுற்றிவந்தன.

இம்முறை இதயம் முழுவதும் மங்கியிருந்தது. சுட்ட இடம் மட்டும் ஒளிர்ந்தது.

விரிப்பில் சிந்தியிருக்குமோ? அவரை எழுப்பி, வெளியே காத்திருந்த மனைவி இருசம்மாளிடம் அனுப்பிவிட்டு, வெறும் மேசையின்மேல் கேமராவை ஓட்டினாள். சிந்தியிருந்தால் ஒரு புள்ளி தெரியும்.

புள்ளி தெரியவில்லை. ஓர் இதயம் தெரிந்தது. துடித்தது.

விரிப்பை உருவி ஈயப் பெட்டியில் போட்டாள். புதியதை விரித்தாள். மறுபடியும் ஓட்டினாள்.

துடித்தது.

கதிர்வீச்சு அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு வெளியே விரைந்தாள். ஊசி போட்டுக்கொண்டவர் எவரருகிலும் சுவர்க்கோழிபோல் கத்தும் கருவி அது. மருதையின் மார்பில் வைத்தாள்.

மௌனம்.

"இப்பத்தான் தாயி நெஞ்சு லேசா இருக்கு," என்று அவர் புன்னகைத்தார். "உள்ள எதுவுமே இல்லாத மாதிரி."

இருசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாம் இவரோட பயம்தாங்க. ஊசியப் பாத்தாலே பாதி உசிரு போயிடும் இந்த மனுசனுக்கு. எந்திரிங்க, சத்திரம் பஸ்ஸ்டாண்டுல பஸ்ஸு போயிடப்போவுது." அவருடைய கையைப் பற்றியவள் நின்றாள். "என்னங்க, கை இப்படிச் சில்லுனு கெடக்கு?"

பாக்கியமேரி அவருடைய மணிக்கட்டில் விரல் வைத்தாள். நாடியைத் தேடினாள். கழுத்தில் தேடினாள்.

இல்லை.

அவர் புன்னகைத்துக்கொண்டேயிருந்தார்.

அவள் கையிலிருந்த கருவி மெல்லக் கத்தத் தொடங்கிற்று. அவரை நோக்கியன்று, அவளுக்குப் பின்னால், மூடிய கதவை நோக்கி. அவள் திரும்பினாள். கதவின் சிறு கண்ணாடி வழியே மேசை தெரிந்தது.

ஒருவருமில்லாத மேசை. புது விரிப்பு. அதன் இடப்பக்கத்தில், ஒரு கைப்பிடியளவு துணி மட்டும் எழுந்தது. தாழ்ந்தது. எழுந்தது.