தாராவேயின் கைகள்

சேப்பங்கிழங்கை உடைத்தது இடது கை. இயோப்பு அந்தத் துண்டை மென்று விழுங்கி, அடுத்ததற்கும் அதே கை நீண்டபோதுதான் கவனித்தான். பிறந்ததிலிருந்து அவன் வலக்கைக்காரன். இடது கை அவனுக்கு வீட்டோடு தங்கிவிட்ட மைத்துனன் மாதிரி. கூடவே இருக்கும், ஒரு வேலைக்கும் ஆகாது. இப்போது அந்த மைத்துனன் கிழங்கின் தோலை ஒரே இழுப்பில் உரித்து, நடுவில் கட்டைவிரலை அழுத்தி, ஒரு திருகு திருகிப் பிளந்தான்.

வெளியே மழைக்கால அந்தி தாழையோலைக் கூரையின் விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது. தூரத்தில் பவளத்திட்டின்மேல் அலை உடையும் ஓசை, ஈரச் சுண்ணாம்புச் சுவரின் வாசனை, அணைந்த மண்ணடுப்பின் புகை, இவை எல்லாவற்றுக்கும் அடியில், எங்கிருந்து என்று சொல்ல முடியாதபடி, பிணத்துக்குப் பூசிய தேங்காயெண்ணெயும் மஞ்சளும் கலந்த வாடை லேசாக வந்துகொண்டிருந்தது.

"என்ன உபதேசியாரே, கை மாறிப்போச்சு?" என்றாள் மரேத்தா. நிறைமாத வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி பாயில் சாய்ந்திருந்தாள்.

"வலது கைக்கு ஓய்வுநாள் குடுத்திருக்கேன்."

"இன்னிக்கு வியாழக்கிழமை."

"பாவம், அதுக்குக் கிழமை தெரியாது."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். கை சிரிக்கவில்லை, மூன்றாவது கிழங்கை எடுத்தது.

தலைவன் தாராவேய் இடக்கைக்காரன். பழைய போர்களில், பிடிபட்டவர்களின் கழுத்தை அந்தக் கையாலேயே முறித்தவன் என்று தீவில் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். கடைசி மூச்சில், ஊரே ஆச்சரியப்பட, தலையைத் தாழ்த்தி ஞானஸ்நானம் கேட்டான். உடலைக் கழுவ வழக்கமாக அந்த வேலை செய்கிறவர்கள் வந்து நின்றார்கள். தலைவனின் பிணத்தைத் தொட்டவர்கள் பிறகு சோற்றைத் தொடக் கூடாது. கையைப் பின்னால் கட்டி உட்கார்ந்து, அடுத்தவர் ஊட்டினால்தான் உண்டு. இது தீட்டு அல்ல. தீட்டென்றால் குளித்தால் போய்விடும். சதை மக்கி, செத்தவனின் எலும்பு சுத்தமாகி மூதாதையர் குகைக்குப் போகும்வரை அந்தக் கைகள் செத்தவனுக்குச் சொந்தம். அவ்வளவுதான்.

வெள்ளைக்காரப் பாதிரி ஐயர் யாராவது இருந்திருந்தால், இதென்ன மூடத்தனம் என்று முகம் சுளித்துவிட்டுச் சும்மா இருந்திருப்பார். இயோப்புவால் சும்மா இருக்க முடியவில்லை. அவனும் மேற்கே இன்னொரு தீவுக்காரன். அங்கேயும் இதே விலக்கு. அதை விட்டவனுக்குத்தானே அதன்மேல் ஆத்திரம் அதிகம்? எல்லாரையும் விலக்கிவிட்டுத் தானே உடலைக் கழுவினான், கோயில் முற்றத்தில் புதைத்தான், சாவு விருந்தில் அந்தக் கையைக் கழுவாமலே ஊரார் முன் தூக்கிக் காட்டிவிட்டுப் பன்றிக்கறியைப் பிய்த்துத் தின்றான்.

"பாத்துக்குங்க. எதுவும் ஆகல!"

யாரும் கோபப்படவில்லை. அதுதான் முதலில் உறுத்தியது. தாராவேயின் மனைவி உரீத்தே மட்டும் எழுந்து வந்து, எண்ணெய் வழிந்த அவன் கைகளுக்கு முன்னால் நெற்றியைத் தரையில் வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை.

மறுநாள் முதல் தீவு முழுக்க அவன் கைகளுக்குத்தான் வணக்கம். பாதையில் வருகிறவர்கள் ஓரமாக உட்கார்ந்து, அவன் இடுப்பளவுக்குக் கண்ணைத் தாழ்த்தி, "வாழ்க தாராவேய்" என்பார்கள். பிறகு நிமிர்ந்து, "சௌக்கியமா உபதேசியாரே?" என்று தனியாக விசாரிப்பார்கள். சொந்த ஊரில் தன் பாட்டைப் பொறுக்க முடியாமல்தான் சபை தன்னைக் கப்பலேற்றியது என்று சொல்லிச் சிரிக்கிறவன் அவன். இங்கே உடம்பில் இரண்டு உறுப்புக்குப் பதவி கிடைத்திருப்பது அவனுக்கு முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கோழி செத்தது. குறுக்கே ஓடியதைக் கை பிடித்தது, திருகியது, போட்டது. தலை வேறாகக் கிடந்தது. குழம்புக்கு ஆயிற்று என்று சொல்லிக்கொண்டான்.

மத்தியானம் பன்றி. தீனி வைக்கப் பட்டிக்குள் குனிந்தவன் அந்த அலறலைக் கேட்டான். மனிதக் குரல்போல் நீண்டு, குழைந்து, குமிழியிட்டு அடங்கிய அலறல். பார்த்தால் இரண்டு கைகளும் முழங்கைவரை அதன் தொண்டைக்குள். சூடு. வழுக்கல். விரல்கள் உள்ளே எதையோ நிதானமாகத் தேடிக்கொண்டிருந்தன. அவன் தன் தோளைப் பின்னுக்கு இழுத்தான், காலை உதைத்தான், கர்த்தரைக் கூப்பிட்டான். தேடியது கிடைத்த பிறகுதான் அவை வெளியே வந்தன.

சபை மூப்பன் ஏனோக்கா வேலியோரமாக நின்றிருந்தான். தீவின் முதல் கிறிஸ்தவன், வாயாடி. அன்றைக்கு அவன் வாயே வறண்டுபோயிருந்தது.

"உபதேசியாரே, கையைக் கட்டிக்கிட்டு மரேத்தாம்மா கையால சாப்பிடுங்க. எலும்பு சுத்தமாகுற வரைக்கும்தான்."

"நான் ஊட்டிவிடச் சொல்லி உக்காந்தா சபை என்னாகும்?"

"சபை இருக்கட்டும். உங்க பொஞ்சாதி வயித்தைப் பாத்தீங்களா? ராத்திரி அது பக்கத்துலதான் இந்தக் கையை வெச்சுத் தூங்குறீங்க?"

இயோப்பு வீட்டைப் பார்த்து நடந்தான். அன்று சாயங்காலமே கதவை அடைத்து, ஜன்னலில் பாயைத் தொங்கவிட்டு, தென்னங்கயிற்றை மரேத்தாவிடம் நீட்டினான். அவள் அவன் மணிக்கட்டுகளைப் பின்னால் சேர்த்துக் கட்டினாள். சீமைப்பலாவை மசித்து ஊட்டினாள்.

"வாயைத் தொற. ஒண்ணு வளத்துப் பழகிக்கிறேன், அப்புறம் இன்னொண்ணு."

"இது பெருசா வளந்துருச்சே."

"அதான் தின்னு தீக்குது."

கயிற்றுக்குள் கைகள் கிடந்தன, அசையாமல். சனிக்கிழமையும் அசையவில்லை. உடல் லேசானதுபோல் இருந்தது. இப்படியே ஆறு மாதம் இருந்துவிடலாம் என்று நினைத்தான். பிள்ளை பிறக்கும், எலும்பு சுத்தமாகும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. அப்பத்துக்குப் பதிலாகச் சீமைப்பலா, திராட்சரசத்துக்குப் பதிலாக இளநீர்; அதைப் பிட்டுக் கொடுக்க உபதேசியின் கை வேண்டும். கட்டிய கையோடு போய் நின்றால், ஊர் முன்னால் அவன் சொன்னதெல்லாம் பொய். "ஏனோக்காவே பிட்டுக் குடுக்கட்டுமே" என்றாள் மரேத்தா. "ஒரே ஒரு நாள்தான்" என்றான் அவன். அவள் முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

கோயில் நிறைந்திருந்தது. ஈரத் துணி வாசனை, எண்ணெய் தடவிய தலைகள், புதுப் பிரசங்க பீடத்தின் மரத்தூள் வாசனை. ஆசாரிகள் விட்டுப்போன, மரம் செதுக்கும் வாய்ச்சி சுவரோரம் சாய்ந்திருந்தது. பாட்டு முடிந்தது. இயோப்பு சீமைப்பலாவை எடுத்தான். வலது கை பிடித்தது, இடது கை பிட்டது. அழகாக, சமமாக. நன்றியில் அவன் கண் கலங்கியது. முதலில் ஏனோக்கா வந்து முழங்காலிட்டு முகத்தை உயர்த்தி, வாயைத் திறந்தான்.

கை அந்த வாய்க்குள் போனது.

நான்கு விரலும். கட்டைவிரல் தாடைக்கு அடியில். ஒரு முறுக்கு. நனைந்த விறகு ஒடிகிற சத்தம். ஏனோக்காவின் கால்கள் பாயை உதைத்தன. வலது கை அவன் பிடரியைத் தாங்கிக்கொண்டது, குழந்தையைத் தாங்குவதுபோல. இயோப்பு கத்தினான். "இழுங்க! என்னைப் பிடிச்சு இழுங்கடா!"

யாரும் வரவில்லை. பெஞ்சுகளிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். தரையில் உட்கார்ந்தார்கள். தலைவன் எழுந்தால் உட்காருவதுபோல. அத்தனை நெற்றியும் தரையில். ஏனோக்காவின் தாடை கையோடு வந்தது.

மரேத்தா மட்டும் நின்றிருந்தாள். கையில் வாய்ச்சி.

விரல்கள் பிணத்தை விட்டன. அவள் பக்கம் திரும்பின. அவனையும் இழுத்துக்கொண்டு நடந்தன. அவள் முகத்தை நோக்கி அல்ல. வயிற்றை நோக்கி.

"மரேத்தா! வெட்டும்மா!"

அவன் தன் முழு எடையோடும், இத்தனை நாளும் மரேத்தாவின் கேலிக்கு ஆளான அந்தக் கனத்த உடம்பை, திருவிருந்து மேசைமேல் சாய்த்தான். இரண்டு கைகளும் அவனுக்கு முன்னால் மரத்தைப் பிறாண்டின. வாய்ச்சி விழுந்தது. எலும்பில் சிக்கியது. மறுபடி விழுந்தது. "வலதும்" என்றான். "யோசிக்காதே. வலதும்." அவள் அழுதுகொண்டே, வசைபாடிக்கொண்டே வெட்டினாள். வெள்ளைத் துணி சிவந்தது. அவள் கால்களுக்கிடையிலும் பனிக்குடம் உடைந்து வழிந்தது.

சுட்ட கல்லை வைத்து அவன் காயத்தைப் பொசுக்கியதும், இருவரையும் வீட்டுக்குத் தூக்கிவரச் சொன்னதும் உரீத்தேதான். இயோப்புவுக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். பாய்த்தடுப்புக்குப் பின்னால் மரேத்தா முனகிக்கொண்டிருந்தாள். தீவில் பேறு பார்க்க உரீத்தேயைத் தவிர ஆளில்லை. ஒரு துணிமூட்டையோடு அவள் தடுப்புக்குள் போவதை அவன் கிடந்தபடியே பார்த்தான்.

கதவுக்கு வெளியே ஊர் கூடுவது கேட்டது. பாய் விரிக்கும் சரசரப்பு. இருமல். யாரோ சன்னமாகச் சிரித்தார்கள்.

இந்தத் தீவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் தலையிலும் முதலில் தலைவன் கை வைத்துப் பேரிட வேண்டும்.

அவன் தவழ்ந்தான். மொட்டைக் கையால் தவழ முடியாது என்று அப்போதுதான் தெரிந்தது. முழங்கையால் நகர்ந்தான். எழுந்தான். தாழ்ப்பாளைப் பிடிக்க நீட்டினான். பிடிக்க ஒன்றுமில்லை. முதுகைக் கதவில் கொடுத்து, குதிகாலைத் தரையில் ஊன்றினான். இந்த உடம்பைத் தள்ளிக்கொண்டு எவன் வருவான், வரட்டும்.

தடுப்புக்குப் பின்னால் ஓர் அழுகை கிளம்பியது. மெல்லியது. கோபமானது. உயிருள்ளது.

"பொண்ணு" என்றது மரேத்தாவின் குரல். "இயோப்பு, நமக்குப் பொண்ணு."

அவன் அழுதான். முதுகை இன்னும் அழுத்தினான். "போங்கடா! ஒருத்தரும் உள்ள வரக் கூடாது! அந்தக் கையை எடுத்துக்கிட்டுப் போங்க!"

வெளியே பாய் சரசரத்தது. பிறகு ஒரு கிழவரின் குரல், மரியாதையாக, சற்றே சங்கடத்தோடு, கதவுக்கு மிக அருகில் கேட்டது.

"நாங்க கதவைத் தொறக்கச் சொல்லலியே உபதேசியாரே. எங்ககிட்ட ஒண்ணுமில்ல. அவரு அப்பவே உரீத்தேகூட உள்ள போயிட்டாரு."

தடுப்புக்குப் பின்னால் அழுகை நின்றது.

மரேத்தா ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். சொல்லவில்லை.

இயோப்பு அசையவில்லை. அசைய முடியவில்லை. கட்டுப்போட்ட இடது மணிக்கட்டுக்கு அப்பால், எதுவுமில்லாத காற்றில், இல்லாத உள்ளங்கை மெல்ல விரிவதை உணர்ந்தான். அதன் அடியில் ஈரமான மென்மயிர். இளஞ்சூடு. நடுவில் எலும்பில்லாமல், மெத்தென்று, துடித்துக்கொண்டிருக்கும் உச்சிக்குழி.

அவனுடைய கட்டைவிரல் அதைக் கண்டுபிடித்தது.