பார்ட்லெட் வீட்டு ரைஃபிள்

ரைஃபிளின் இரும்பு சூடாக இருந்தது.

ஆஸ்திரேலியாவில் குளிர்காலமான ஆகஸ்ட் மாதக் காலை. கூனம்பிள் சமவெளியில் பதினொரு மணிக்கும் புல்லில் உறைபனி மிச்சமிருந்தது. கிளாரி புரூவெட் கையுறையைக் கழற்றி மறுபடி தொட்டுப் பார்த்தார். கொதிக்கும் சூடில்லை. ஒருவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துபோன நாற்காலியில் இருக்குமே, அந்த வெதுவெதுப்பு. தகரக் கொட்டகையின் கூரை வெயிலை இழுத்துக் கீழே இறக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மேசை கிடந்த இடம் நிழல் என்பதும் தெரிந்தது. அதற்கு மேல் யோசிக்க அலுப்பாக இருந்தது. இந்த வாரம் இது ஏழாவது வீடு. செத்தவர்களின் துப்பாக்கிகளுக்கு விலை சொல்லிச் சொல்லி முதுகு விட்டுப்போயிருந்தது.

"என்ன கிளாரி, தொட்டுத் தொட்டுப் பாக்கற? மாட்டுக்குக் காய்ச்சலா?" வாசலில் நின்றபடி கேட்டாள் வில்மா பார்ட்லெட். கணவன் ரெக்ஸைப் புதைத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அவளிடம் உரிமம் இல்லை. ரைஃபிள் ஒரு துப்பாக்கி வியாபாரியின் கைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் போலீஸ் வாங்கி அறுத்துப் போட்டுவிடும்.

"நம்பர் பாக்கறேன் வில்மா. கண்ணு முன்ன மாதிரி இல்ல."

"கண்ணாடிய மாத்துய்யா. நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள டப்போவுல என் ரூமை வேற கிழவிக்குக் குடுத்துருவானுங்க."

மகள் வீட்டருகே, டப்போ நகரின் முதியோர் இல்லத்தில் ஓர் அறைக்கு முன்பணம் கட்ட வேண்டும். குறைவது ஆயிரத்து நானூறு டாலர். ரைஃபிள் அதைக் கொடுக்குமா என்பதுதான் கேள்வி. நான்கு வருடங்களுக்கு முன் இன்னொரு விதவையின் துப்பாக்கியைக் குழல் பார்க்காமலே பாதி விலைக்கு மதிப்பிட்டுவிட்டார் கிளாரி. அந்தப் பெண் இப்போதும் தெருவில் அவரைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுகிறாள்.

லித்கோ ஆயுதத் தொழிற்சாலையில் செய்தது, 1942. உடம்பில் ஓர் எண், போல்ட்டில் அதே எண், குழல் முனையின் மூக்குத் தொப்பியில் அதே எண், கட்டையின் அடிப்பக்கத்திலும் அதே. நான்கும் பொருந்தி வருவது அபூர்வம். இனிக் குழல்தான். உள்வரிகள் கூர்மையாக இருந்தால் ஆயிரத்து நானூறு தாராளமாக வரும். துரு அரித்திருந்தால் அறுநூறு.

போல்ட்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குழலை ஜன்னலை நோக்கிப் பிடித்துப் பின்னாலிருந்து பார்த்தார். இருட்டு. பழைய கிரீஸ், அடைத்துக் கெட்டியாக.

"ரெக்ஸ் இத ஒருவாட்டியும் தொடைக்கலையா?"

"அவங்கப்பா விடமாட்டாரு. நியூகினி சண்டையிலேர்ந்து கொண்டாந்தவரு. 'எண்ணெ வேணா தடவு, உள்ள கயிறு விடாதே'ம்பாரு. ஏன்னு கேட்டா எந்திரிச்சுப் போயிருவாரு." அவள் தோளைக் குலுக்கினாள். "பைத்தியம்னு நாங்களே சிரிப்போம். கெட்டில் வெச்சுட்டு வரேன், இரு."

தொழில் தெரிந்த எவனும் விலை பேசும்முன் பழைய துப்பாக்கியைத் துடைக்கமாட்டான். துடைத்தால் பழமை போய்விடும், விலையும் போய்விடும். ஆனால் அது வெளிப்புறத்துக்கு. குழலுக்குள் துணி விட்டால் எந்தச் சேகரிப்பாளரும் கோபித்துக்கொள்ளமாட்டார். கிளாரி கட்டையின் பின்பக்கப் பித்தளை மூடியைத் தேடினார். அதைச் சுற்றி மெழுகு ஊற்றி அடைத்திருந்தார்கள். பேனாக்கத்தியால் சுரண்டினார்.

உள்ளே எண்ணெய்ப் புட்டி, அதன் பின்னால் சுருட்டி வைத்த கயிறு. எல்லா ராணுவ ரைஃபிளிலும் இருப்பதுதான்: ஒரு முனையில் பென்சில் தடிமனில் பித்தளை எடை, மறுமுனையில் துணி கோக்க ஒரு கண்ணி. கயிறு ஈரமாக இருந்தது. மூன்று வருடமாக மழை பார்க்காத மண்ணில், அந்தக் கொட்டகைக்குள், அழுகிய இலையின் வாசனையும் சேற்றின் வாசனையும் மெல்லப் பரவின. அவற்றுக்கு அடியில் நெடுநாள் கழற்றாத பூட்ஸின் வாசனை.

பையிலிருந்து வெள்ளை ஃப்ளானல் துணித் துண்டொன்றை எடுத்துக் கண்ணியில் கோத்தார். ரைஃபிளை நிமிர்த்தி, குழல்வாயைத் தரைக்குச் சற்று மேலே பிடித்து, பின்னால் திறந்திருந்த தோட்டா அறை வழியாகப் பித்தளை எடையை உள்ளே விட்டார்.

எடை வழுக்கிக்கொண்டு போகும் ஓசை கேட்டது. அடைத்திருந்த கிரீஸைத் தாண்டி, தங்குதடையின்றி. தரையில் விழும் ஓசை வரவில்லை.

குனிந்து பார்த்தார். குழல்வாயில் ஒன்றும் தொங்கவில்லை.

கயிறு போய்க்கொண்டிருந்தது. ஒரு முழம். இரண்டு. விரல்களுக்கிடையே மெதுவாக, நிதானமாக உரசிக்கொண்டு. குழலின் நீளத்தைவிடக் கயிறு இரு மடங்கு நீளம். இதற்குள் எடை வெளியே வந்திருக்க வேண்டும். கெட்டியாகப் பிடித்தார். நின்றது. பிறகு ஓர் இழுப்பு. சின்னதாக. மீனின் இழுப்பு.

விட்டுவிட்டார்.

கண்ணியும் வெள்ளைத் துணியும் அறைக்குள் நுழைந்து மறைந்தன.

தரையில் எதுவும் இல்லை. ரைஃபிளை மேசையில் கிடத்தி, பின்னாலிருந்து பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் வட்டமாக, சுத்தமாகத் தெரிந்தது. ஐந்து வரிகளும் புதிது போல மின்னின. இவ்வளவு நல்ல குழலை இருபது வருடத்தில் அவர் பார்த்ததில்லை. ஆயிரத்து நானூறு. அதற்கு மேலேயே. வில்மாவைக் கூப்பிட வாய் திறந்தார்.

சத்தம் வரவில்லை.

தொண்டையில் ஏதோ நமைத்தது. இருமினார். மறுபடி இருமினார். சேற்றின் சுவை. நாக்கின் அடியிலிருந்து குளிர்ந்த ஏதோ ஒன்று மேலேறி வந்து பல்லில் தட்டியது.

டிங்.

இரு விரலால் பிடித்து வெளியே எடுத்தார். பித்தளை. அதன் பின்னால் கயிறு.

இழுத்தார். வந்தது. ஒரு சாண். இரண்டு சாண். எண்ணெய் வழிந்தது. நெஞ்சுக்குள் எங்கோ துணி அசைந்தது. இழுப்பதை நிறுத்தினார். விரல்களில் எண்ணெய் வழுக்கியது. பித்தளை நழுவியது.

விழவில்லை.

வீட்டிலிருந்து வில்மாவின் குரல்: "பாலு ஊத்தவா கிளாரி? ஊத்தவா வேண்டாமா?"

அவர் முன்னால் யாரும் இல்லை. பித்தளை எடை அவர் முகத்துக்கு நேரே, ஓர் ஆள் கை நீட்டும் தூரத்தில், யாரோ பிடித்திருப்பது போலக் காற்றில் கிடையாக நின்றது. கயிறு விறைத்தது.