புதுசு மாட்டியாச்சு

பேட்டரியைக் கழற்றி மூலையில் வைத்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. ஆனாலும் காருக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது.

காருக்கு அடியில் சக்கரப் பலகையில் மல்லாந்து கிடந்த மெக்கானிக், ஸ்பேனரை அப்படியே நிறுத்திக் காதுகொடுத்தார். மதியத்திலிருந்து விடாத மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பட்டறையின் எண்ணெய் வாசனைக்கும் ரப்பர் வாசனைக்கும் அடியில், சேற்றுத் தண்ணீரின் குளிர்ந்த நாற்றம் ஒன்று தரையோடு தரையாகப் பரவி மூக்கைத் தொட்டது. இரும்பு குளிர்ந்தால் சத்தம் வரத்தான் செய்யும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். ஆனால் இருபத்தைந்து வருடமாகக் கேட்கும் சத்தம், அவருக்கா தெரியாது? சாவியைத் திருப்பியும் செல்ஃப் மோட்டார் சுழலாமல், ஒரு தட்டு தட்டிவிட்டு அடங்கிப்போகிற சத்தம் அது.

அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் டாக்டரம்மாவுடையது. மூன்று வாரத்துக்கு முன், ரயில் பாலத்தடியில் திடீரென்று புரண்டு வந்த மழைத் தண்ணீரில் அது நின்றுபோனது. உள்ளே மாட்டிக்கொண்ட அவரை மறுநாள் காலையில் பிணமாகத்தான் எடுத்தார்கள்.

இன்று காலையில் அவருடைய கணவர் வண்டியை இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"அவ ஆசைப்பட்டு வாங்கினதுங்க. ஒரே ஒரு தடவை இது ஸ்டார்ட் ஆகிற சத்தத்தைக் கேட்கணும், அவ்வளவுதான்," என்றவர், சற்றுத் தயங்கி, "ரெண்டு மாசம் முன்னாடிதானே புது மோட்டார் போட்டீங்க? ஏங்க எடுக்காம போச்சு?" என்று கேட்டார். அந்தக் குரலில் குற்றச்சாட்டு துளிகூட இல்லை.

"தண்ணி உள்ள போயிட்டா எந்த மோட்டாரும் எடுக்காதுங்க சார்."

"அப்படித்தான் இருக்கும். உங்க கை பட்டா வண்டி ஏமாத்தாதுன்னு எப்பவும் சொல்லுவா."

மெக்கானிக் தலையைக் குனிந்து, சுத்தமாக இருந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். காது மடல்கள் எரிந்தன.

உண்மை அவருக்கு மட்டும்தான் தெரியும். புது மோட்டாரைப் பொருத்தப்போன அன்று அது கை வழுக்கித் தரையில் விழுந்து, மூக்குப் பக்கம் விண்டுபோனது. கைதவறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வாய் வரவில்லை. கழற்றிய பழைய மோட்டாரையே துடைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, திரும்ப மாட்டினார். "புதுசு மாட்டியாச்சு, டாக்டரம்மா," என்று சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினார். அடுத்த வாரமே வேறொன்று வாங்கி ஓசைப்படாமல் மாற்றிவிட நினைத்தார். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை.

அதுகூடப் பரவாயில்லை.

வண்டி நின்றுபோன அந்த மழை நாளில் அவர் போன் அடித்தது. திரையில் டாக்டரம்மாவின் பெயர். வண்டி ஏன் எடுக்கவில்லை என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார், குட்டு உடைந்துவிட்டது என்று நினைத்ததும் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. என்ன பொய் சொல்வதென்று யோசித்துவிட்டு நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தார். நான்கு முறை அடித்தது. ஐந்தாவது முறை அடிக்கவில்லை. டாக்டரம்மாவின் போன் தண்ணீரிலேயே போய்விட்டதால், அந்த நான்கு அழைப்புகளைப் பற்றி உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

டக்.

அவசர அவசரமாகக் கடைசி போல்ட்டைத் திருகினார். மோட்டார் கழன்று நெஞ்சின் மேல் கனமாக இறங்கியது. அதன் வாயிலிருந்து வழிந்த செம்மண் தண்ணீர் சட்டையை நனைத்து, கழுத்துக்கடியில் ஓடியது. மூன்று வாரமாகியும் பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது.

அப்போது காரின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. தலைக்கு மேலே வண்டி ஓட்டுநர் பக்கமாக மெல்ல அமுங்கியது. யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

"சாருங்களா?"

மாலையில் வருவதாகச் சொல்லிப்போனவர் வந்துவிட்டார்; மனைவியின் இருக்கையில் ஒரு நிமிடம் உட்காரத் தோன்றியிருக்கும் பாவம், என்று நினைத்தார். முகம் தெரியாத இந்த இடத்தில் சொல்லாமல் விட்டால் பிறகு எப்போதுமே சொல்ல முடியாது என்றும் தோன்றியது.

"சார், நான் மோட்டாரை மாத்தலைங்க. பழசையே பெயின்ட் அடிச்சு மாட்டிட்டேன். அன்னைக்கு அம்மா எனக்குத்தான் போன் பண்ணாங்க. நான்... எடுக்கலைங்க சார். வெட்கமா இருந்துச்சு. அதான் எடுக்கல."

மேலே அசைவில்லை. அழுகையும் இல்லை. அவர் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

டக்.

மோட்டார் அவர் கையில் இருந்தது. சத்தமும் அதிலிருந்துதான் வந்தது. உள்ளங்கையில் அது துள்ளியதை உணர்ந்தார்.

தரையை உதைத்துப் பலகையோடு வெளியே வந்தார். சாரலுக்காக அவரே இறக்கிவிட்ட ஷட்டர் இறக்கியபடியே இருந்தது. பட்டறையின் பக்கவாட்டுக் கதவில் உள்தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. காரைச் சுற்றித் தரையில் ஒரு காலடித் தடமும் இல்லை.

எழுந்து நின்றார். பார்க்கக் கூடாது. பார்த்தார்.

காரின் கண்ணாடிகளுக்குப் பின்னால், கூரை வரைக்கும், கலங்கிய தண்ணீர். கதவிடுக்கில்கூட வழியாமல் நின்றது. அதில் நீளமான முடி மெதுவாக அலைந்தது. சாவியின் மேல் வெளுத்துப்போன விரல்கள்.

தலை திரும்பியது. டாக்டரம்மா அவரைக் கண்டுகொண்டார்.

அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் மெக்கானிக் தாங்கியிருப்பார். இல்லை. வந்துவிட்டார், இனிப் பயமில்லை என்கிற நிம்மதி மட்டும்தான். டாக்டரம்மா சாவியிலிருந்து கையை எடுத்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். கண் இமைக்காமல் அவரையே பார்த்தபடி, அவர் வந்து கதவைத் திறப்பதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்.