தானாகச் சுற்றிய சக்கரம்

“அவ பேயா அலையுதான்னு சொல்லுதாங்க சார். அதக்கூடத் தாங்கிருவேன். தப்பே அவ மேலதான்னு சொல்லுதாங்களே, அதத் தாங்க முடியல.”

முத்துமணி கண்ணைத் துடைத்தான். சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில், ஆயுத பூசைக்கு மறுவாரம், அவன் மனைவி ராஜகுமாரியின் சேலை பெல்ட் சக்கரத்தில் சிக்கி அவள் இறந்துபோனாள். சக்கரத்தை மூடும் இரும்புக் கூண்டை அவளே கழற்றிவிட்டாள் என்கிறார் முதலாளி.

“எம் மவ கேக்கா, அம்மா எதுக்குப்பா கழத்துனான்னு. நான் என்ன சொல்ல?”

தொழிற்சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற கோமதிநாதன் எழுந்து சட்டையை மாட்டினார். ஆட்டோக்கார சாதிக் அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டான். துப்பு துலக்குவதென்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

கூடத்தில் கரண்ட் இல்லை. ராஜகுமாரியின் தறிப்பக்கம் ஒருவரும் போகவில்லை. சக்கரத்தின்மேல் கூண்டு ஒழுங்காக மாட்டியிருந்தது.

“மெஷின் வாங்குன நாள்லேர்ந்து இருக்கு சார்,” என்றார் முதலாளி சங்கரசுப்பிரமணியன். “அந்தப் பொம்பள கழத்திப் போட்டா. பெறவு நான்தான் மாட்டுனேன்.”

சட்டென்று கரண்ட் வந்தது. ஆளில்லாத தறியில் சக்கரம் கடகடவென்று சுற்றியது.

“யா அல்லா!” என்று சாதிக் பின்வாங்கினான். முத்துமணி மட்டும், “ராஜி...” என்று ஓரடி முன்னால் போனான்.

கோமதிநாதன் சுவரிலிருந்த ஸ்விட்சை அணைத்தார். “கரண்ட் போனா இங்கன யாரும் இத அணைக்கிறதில்ல. அது திரும்பி வந்ததும் தானா ஓடுது. அன்னைக்கும் அறுந்த இழைய எடுக்கக் குனிஞ்சிருப்பா. பேயும் இதுதான், எமனும் இதுதான்.”

“கூண்டு இருந்திருந்தா சிக்கியிருக்காதுல்லா?” என்றார் முதலாளி விடாமல்.

கோமதிநாதன் சுற்றிலும் பார்த்தார். தறிச் சட்டம், ஸ்விட்ச் பெட்டி, எண்ணெய்க் குப்பி எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது.

“பூசைக்குப் பொட்டு வச்சது யாரு?”

“வருசா வருசம் அவதான் சார்,” என்றான் முத்துமணி. “ஒண்ணு விடமாட்டா.”

“சாதிக்கு, ஃபியூஸ் கட்டையப் பிடுங்கி ஒன் பைக்குள்ள போட்டுக்கோ. பெறவு கூண்டக் கழத்து.”

கூண்டு கழன்றது. சக்கரத்தின் நடுவில் சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. கோமதிநாதன் கூண்டை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு பொட்டும் இல்லை.

“பூசைக்குத் துடைக்கக் கழத்தி வச்சிருப்பா...” முதலாளியின் குரல் இறங்கியது.

“கழத்தி வச்சிருந்தா அதுக்கும் பொட்டு வச்சிருப்பா. எண்ணெய்க் குப்பியவே விடாதவ, இம்மாம் பெரிய கூண்ட விட்டுருவாளா? பூசையன்னைக்கு இந்தக் கூண்டே இங்கன கிடையாது. இத எப்ப வாங்குனீரு?”

“அவ செத்த பெறவு,” என்றார் சங்கரசுப்பிரமணியன்.

முத்துமணி சக்கரத்தருகே குனிந்தான். சந்தனத்தில் ஒரு விரல்ரேகை பதிந்திருந்தது. அதைத் தொடாமல், தன் விரலை அதற்கு மேலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

“சார், இத அழிக்கவிடாதீங்க. எம் மவளக் கூட்டிட்டு வாரேன். அவ அம்மா கழத்தலன்னு அவ அம்மாவே சொல்லட்டும்.”